எலியிடம் கேட்க முடியாத கேள்வி

ஒற்றைத் தலைவலிக்குப் புதிய மருந்துகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. மனிதர் கைக்கு வருவதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் அவை கடந்த பாதை எப்படிப்பட்டது? அந்தப் பாதை தவறியது எங்கே? திருத்திக் கொடுத்தது யார்?

லண்டனுக்கு வடக்கே வேர் என்றொரு சிறு நகரம். அங்கே கிளாக்ஸோ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், பேட்ரிக் ஹம்ஃப்ரி என்ற மருந்தியல் அறிஞரின் குழு 1972-ல் ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடத் தொடங்கியது. அவர்கள் அதிகம் நம்பிய சோதனைப் பொருள், நாயின் பின்னங்காலில் ஓடும் சிரையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. அதை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு வேதிப்பொருளாகச் சேர்த்து, சிரை சுருங்குகிறதா என்று அளந்தார்கள்.

தலைவலிக்கும் நாயின் காலுக்கும் என்ன தொடர்பு? விடை நோயாளிகளிடமிருந்து வந்தது. ஒற்றைத் தலைவலியால் துடிப்பவர்களுக்குச் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை ரத்தத்தில் ஏற்றினால் வலி தணிவதை 1960-களிலேயே மருத்துவர்கள் கண்டிருந்தனர். ஆனால், செரட்டோனின் உடல் முழுக்க வேலை செய்யும் பொருள். குமட்டல், மூச்சுத் திணறல், மயக்கம் என்று தொல்லைகள் கூடவே வந்தன. தலையின் ரத்தக் குழாய்களை மட்டும் சுருக்கும் தனி ஏற்பி, அதாவது செரட்டோனின் வந்து ஒட்டும் புரதம், ஒன்று இருக்குமா என்பதே ஹம்ஃப்ரியின் கேள்வி. அப்படியொரு ஏற்பி நாயின் அந்தக் கால் சிரையில் இருந்தது. தலையின் ரத்தக் குழாய்களுக்குப் பதிலாளாக அந்தச் சிரை நின்றது. ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1991-ல் சுமாட்ரிப்டான் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. ஒற்றைத் தலைவலிக்கென்றே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ‘ட்ரிப்டான்’ வகை மருந்துகளில் அதுவே முதலாவது.

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது நம் பழமொழி. மருந்து ஆய்வின் மிகப் பெரிய இடையூறும் அதுதான். ரத்த அழுத்தத்தை எலியிடம் அளக்கலாம், சர்க்கரையை அளக்கலாம், கட்டியின் அளவைப் பார்க்கலாம். தலை வலிக்கிறதா என்று எலியிடம் கேட்க முடியாது. கேட்க முடியாததை ஆய்வாளர்கள் எப்படி ஊகித்தார்கள், எங்கே ஏமாந்தார்கள், எப்போது வென்றார்கள் என்பதைப் பார்த்தால், ஒன்று தெளிவாகும்: நோயாளியின் உடல் சொன்னதிலிருந்து புறப்பட்ட ஆய்வுகளே பெரும்பாலும் கரை சேர்ந்திருக்கின்றன.

நூறு கோடிப் பேரின் நோய்

உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் ஒற்றைத் தலைவலியோடு வாழ்கிறார்கள். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். கர்நாடகத்தில் நிமான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் 25.2 சதவீதம். நான்கில் ஒருவர்!

தலையின் ஒரு பக்கத்தில் விண்விண்ணென்று தெறிக்கும் வலி, குமட்டல், வாந்தி, வெளிச்சமும் சத்தமும் தாங்காத நிலை. மருந்து எடுக்காவிட்டால் நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். உயிரைப் பறிப்பதில்லை என்பதாலேயே இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ‘வெறும் தலைவலிதானே’ என்ற பேச்சு வீட்டிலும் உண்டு, அலுவலகத்திலும் உண்டு. ஆனால், மனிதரை முடக்கிப்போடும் நோய்களின் உலகப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் நோய் இது.

மனிதருக்கு முன்

ஒரு புதிய மருந்தை முதல் மனிதருக்குக் கொடுப்பதற்கு முன் நடக்கும் எல்லா வேலைகளையும் ‘ப்ரீகிளினிக்கல்’ கட்டம் என்கிறார்கள். முதலில் நோயின் சங்கிலியில் தாக்க வேண்டிய கண்ணியைத் தேர்ந்தெடுப்பார்கள்: ஒரு ஏற்பி, ஒரு புரதம், ஒரு நொதி. அதில் ஒட்டக்கூடிய மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சலித்துச் சிலவற்றைப் பிரித்தெடுப்பார்கள். வளர்ப்பு செல்களிலும் ரத்தக் குழாய்த் துண்டுகளிலும் சோதிப்பார்கள். பிறகுதான் உயிருள்ள விலங்கு.

மருந்து வேலை செய்தால் மட்டும் போதாது. குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறதா, எவ்வளவு நேரம் தங்குகிறது, இதயத் துடிப்பைக் குலைக்கிறதா, மரபணுவைச் சிதைக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். நச்சுத்தன்மையைப் பொதுவாக இரண்டு விலங்கினங்களில் பார்க்க வேண்டும்: எலி போன்ற கொறிக்கும் பிராணி ஒன்று, நாயோ குரங்கோ போன்ற வேறொன்று. இவ்வளவையும் தாண்டிய மூலக்கூறுக்குத்தான் மனிதரிடம் செல்ல அனுமதி. பெரும்பாலானவை பாதியிலேயே விழுந்துவிடும்.

எலியின் முகத்தில் வலியைத் தேடி

எலி பேசாது, ஆனால், அதன் உடல் சில அடையாளங்களைக் காட்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு வலி நேரத்தில் தலை சீவினால்கூட, கண்ணாடி அணிந்தால்கூட வலிக்கும். அதனால், எலியின் கண்ணுக்கு மேலுள்ள தோலை வெவ்வேறு தடிமனுள்ள நைலான் இழைகளால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறார்கள். சாதாரணமாகப் பொருட்படுத்தாத தொடுதலுக்கு அது முகத்தை வெடுக்கென்று இழுத்தால், நரம்பு கூர்மையடைந்திருக்கிறது என்று பொருள். பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமான பெட்டியில் விட்டு, எவ்வளவு நேரம் இருட்டில் ஒதுங்குகிறது என்றும் கணக்கெடுக்கிறார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு 2010-ல் சுண்டெலியின் முகச் சுளிப்பையே வலியின் அளவுகோலாக்கியது: இடுங்கிய கண், புடைத்த கன்னம், விறைத்த மீசை, பின்னுக்குச் சாய்ந்த காது.

வலியை வரவழைக்கப் பெரிதும் பயன்படுவது நைட்ரோகிளிசரின். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்குத் தலைவலி வருவது பழைய செய்தி. டென்மார்க்கில் யெஸ் ஓலெசென் என்ற நரம்பியல் மருத்துவர், ஒப்புதல் தந்த நோயாளிகளுக்கு அதைச் சிறிதளவு ரத்தத்தில் ஏற்றி, சில மணி நேரத்தில் அவர்களுக்கு வழக்கமாக வரும் அதே ஒற்றைத் தலைவலி வருவதைக் காட்டினார். மனிதரிடம் கண்ட அந்த விளைவைத்தான் எலியிலும் உண்டாக்குகிறார்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் எலிக்குத் தரும் அளவு பன்மடங்கு அதிகம். இந்த வேறுபாட்டை மறந்தால் முடிவு வழுக்கும்.

சிலருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே மின்னும் வளைகோடுகள் தோன்றும்; ‘ஆரா’ என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி, தனக்கு வந்த மின்னலைத் தானே வரைந்து கணக்குப் போட்டு, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-ல் எழுதினார். மூன்றாண்டு கழித்து, ஹார்வர்டில் வேலை செய்த பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடிஸ் லியோ, முயலின் மூளைப் பரப்பில் ஓர் அலை கிட்டத்தட்ட அதே வேகத்தில் பரவுவதைக் கண்டார். குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து விரியும் வளையம்போல, நரம்பு செல்கள் ஒருமுறை கொந்தளித்துப் பிறகு ஓய்ந்துபோகும் அலை அது. ஒரு மனிதரின் குறிப்பேடும் ஒரு முயலின் மூளையும் ஒரே விடையைச் சொன்ன அரிய தருணம். ப்ரோப்ரனலால், டோபிரமேட் போன்ற தடுப்பு மருந்துகளை எலிக்கு வாரக்கணக்கில் கொடுத்தால் இந்த அலைகள் குறைவதாக 2006-ல் தெரியவந்தது.

எலியில் வென்று மனிதரில் தோற்றவை

1979-ல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் முக்கியமான ஒரு கருத்தை முன்வைத்தார். ஒற்றைத் தலைவலியில் வலி பிறப்பது முகத்துக்கும் மூளையுறைக்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் ட்ரைஜெமினல் நரம்பில். அந்த நரம்பின் நுனிகள் ரத்தக் குழாய்களைச் சுற்றிச் சில வேதிப்பொருள்களைக் கசியவிடுகின்றன என்றார். இன்றைய சிகிச்சை முழுவதும் எழுந்து நிற்கும் அடித்தளம் அது.

அதைச் சோதிக்க எலியில் ஒரு முறை உருவானது. ட்ரைஜெமினல் நரம்பைத் தூண்டினால், எலியின் மூளையுறை நாளங்களிலிருந்து ரத்தத் திரவம் கசியும். சுமாட்ரிப்டான் கொடுத்தால் கசிவு நின்றது. அப்படியானால், கசிவை நிறுத்தும் எந்த மருந்தும் ஒற்றைத் தலைவலியை நிறுத்துமல்லவா? 1990-களில் நிறுவனங்கள் இந்த நம்பிக்கையோடு இறங்கின. சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளின் ஏற்பியை அடைக்கும் மருந்துகள், எண்டோதீலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் போசென்டான், சுமாட்ரிப்டானைவிடப் பன்மடங்கு வலுவாகக் கசிவை நிறுத்திய வேறு மூலக்கூறுகள்... எலியில் எல்லாமே வெற்றி. மனிதரிடம் ஒன்றுகூட வலியைத் தணிக்கவில்லை.

சோதனைகள் பொய்யில்லை, கசிவு உண்மையாகவே நின்றது. ஆனால், மனிதரின் வலிக்கு அந்தக் கசிவு காரணமில்லை. டோனாபெர்சாட் என்ற மருந்தும் இதே பாடத்தைச் சொன்னது. விலங்குகளின் மூளையில் பரவும் அலையை அது அடக்கியது. மனிதரிடம் சோதித்தபோது ஆரா குறைந்தது. ஆரா இல்லாத தலைவலி குறையவில்லை. எலி எந்தக் கேள்விக்கு விடை சொன்னதோ, அந்த விடை மட்டுமே மனிதருக்கும் பொருந்தியது.

நோயாளியின் ரத்தம் காட்டிய வழி

1982-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், கால்சிடோனின் ஹார்மோனை உருவாக்கும் அதே மரபணுவிலிருந்து இன்னொரு சிறு புரதமும் பிறப்பதைக் கண்டார்கள். அதன் சுருக்கப் பெயர் சி.ஜி.ஆர்.பி. ரத்தக் குழாய்களை விரிப்பதில் அது மிகுந்த ஆற்றல் கொண்டது என்பது 1985-ல் தெரிந்தது. ட்ரைஜெமினல் நரம்பில் அது நிறைந்திருப்பதை ஸ்வீடனின் லார்ஸ் எட்வின்சன் காட்டினார்.

பிறகுதான் திருப்பம். எட்வின்சனும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் கோட்ஸ்பியும், ஒற்றைத் தலைவலியால் வதைபட்டுக்கொண்டிருந்தவர்களின் கழுத்துச் சிரையிலிருந்து, வலி நடந்துகொண்டிருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். சி.ஜி.ஆர்.பி. உயர்ந்திருந்தது, எலியில் அத்தனை பேர் நம்பிய சப்ஸ்டன்ஸ் பி உயரவில்லை. இது 1990-ல். சுமாட்ரிப்டான் கொடுத்து வலி அடங்கியபோது சி.ஜி.ஆர்.பி.யும் பழைய அளவுக்கு இறங்கியது, இது 1993-ல். சி.ஜி.ஆர்.பி.யை ஏற்றினால் நோயாளிகளுக்கு ஒற்றைத் தலைவலி வருகிறது என்று ஓலெசென் குழு 2002-ல் உறுதிசெய்தது. மாஸ்கோவிட்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, ஓலெசென் நால்வருக்கும் 2021-ல் ‘பிரெய்ன் பிரைஸ்’ விருது பகிர்ந்தளிக்கப்பட்டது.

இலக்கு தெரிந்தபின் மருந்து தேடியவர்களில் முந்தியது ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம். மனித நரம்புக் கட்டியிலிருந்து வளர்த்த செல்களில், சி.ஜி.ஆர்.பி. ஒட்டும் மனித ஏற்பியை வைத்தே மூலக்கூறுகளைச் சலித்தார்கள். கிடைத்தது ஓல்செஜெபான்ட். மனிதரின் ஏற்பியை அது பற்றிக்கொண்ட வலுவில், எலி ஏற்பியைப் பற்றியது இருநூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஏற்பியின் ஒரு பகுதியான ராம்ப்1 புரதத்தில் 74-ஆம் இடத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமிலம் மனிதருக்கும் எலிக்கும் வேறாக இருந்ததே காரணம். எலியை மட்டும் நம்பித் தேடியிருந்தால் இந்த மருந்து குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அதனால், உயிருள்ள விலங்கில் சோதிக்க மார்மோசெட் என்ற சிறு குரங்கின் முகத்து ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். 2004-ல் மனிதரிடம் நடந்த பரிசோதனையில், மருந்து பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்கும் போலி மருந்து பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் வலி தணிந்தது.

கல்லீரல் போட்ட முட்டுக்கட்டை

ஓல்செஜெபான்ட் மாத்திரையாகாது, ஊசியில் ஏற்ற வேண்டும். வாய்வழி மருந்தாக மெர்க் நிறுவனம் டெல்காஜெபான்ட்டை உருவாக்கியது. அதை மதிப்பிட ஒரு நுட்பமான வழி கண்டார்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினைத் தோலில் தடவினால், அங்கே சி.ஜி.ஆர்.பி. வெளிப்பட்டு ரத்த ஓட்டம் பெருகும். மருந்து அதைத் தடுக்கிறதா என்று குரங்கிலும், பிறகு மனிதத் தன்னார்வலர்களிலும் ஒரே விதமாக அளந்து, எவ்வளவு மருந்து தேவை என்று கணக்கிட்டார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் இடையே கட்டிய நல்ல பாலம் அது.

மருந்து வலியைத் தணித்தது. ஆனால், தடுப்பு மருந்தாகத் தினமும் எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்தன. 2011-ல் டெல்காஜெபான்ட்டை மெர்க் கைவிட்டது. அதே நிறுவனத்தின் இன்னொரு மூலக்கூறும் கல்லீரலால் முன்பே நின்றுபோயிருந்தது. இத்தனை பேர் எதிர்பார்த்த மருந்து வாசல்வரை வந்து திரும்பிய கதை அது. ஆனால், தோல்வியின் தரவுகள் வீணாகவில்லை. மருந்து கல்லீரல் செல்லை எப்படி வருத்துகிறது என்பதைக் கணினியில் உருவகப்படுத்தும் மென்பொருளில், ‘ஜெபான்ட்’ எனப்படும் இந்த வகை மருந்துகளில் பழையவற்றையும் புதியவற்றையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பழையவற்றின் நச்சை அது சரியாகச் சுட்டியது. புதியவை பாதுகாப்பானவை என்று கணித்தது. உப்ரோஜெபான்ட் 2019-லும், ரிமெஜெபான்ட் 2020-லும், அட்டோஜெபான்ட் 2021-லும் அமெரிக்க அனுமதி பெற்றன.

இன்னொரு பாதை, சி.ஜி.ஆர்.பி.யையோ அதன் ஏற்பியையோ தடுக்கும் எதிர்ப்புரதங்கள். எரெனுமாப் 2018-ல் அனுமதி பெற்றது. வேறு மூன்று தொடர்ந்து வந்தன. அளவில் பெரிய இந்தப் புரதங்கள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவது மிகச் சொற்பம். அப்படியும் ஒற்றைத் தலைவலி குறைகிறது என்பது, மருந்து போக வேண்டிய இடம் மூளைக்கு வெளியே, ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சிலும் மூளையுறையிலும் இருக்கிறது என்பதற்கு வலுவான சான்றானது.

இதய நோயாளிகளின் நிலையும் மாறியது. ட்ரிப்டான்கள் ரத்தக் குழாயைச் சுருக்குவதால், மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுக்க முடியாது. குழாயைச் சுருக்காத மருந்து வேண்டும் என்பதற்காகவே, முயலின் கால் சிரையைச் சுருக்குகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த மருந்து லாஸ்மிடிடான். 2019-ல் அது வந்தது. ஆனாலும், சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் மருந்துகளில் எச்சரிக்கை தேவை. சி.ஜி.ஆர்.பி. ஆபத்து நேரத்தில் ரத்தக் குழாயை விரித்து உடலைக் காக்கும் பொருளும்கூட. அதை ஜெபான்ட்டால் அடைத்த சுண்டெலிகளில் பக்கவாதத்தின் பாதிப்பு பெரிதானதாக 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்து சந்தைக்கு வந்த பிறகும் விலங்காய்வுக்கு வேலை உண்டு என்பதற்கு இது சான்று.

பெண்களின் நோய், ஆண் எலிகள்

இந்தத் துறை நேர்மையாகப் பார்க்க வேண்டிய ஒரு குறை உண்டு. பெண்களை அதிகம் வாட்டும் நோய்க்கு நெடுங்காலம் ஆண் எலிகளிலேயே சோதித்தார்கள். பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்பது சொல்லப்பட்ட காரணம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாக ஆய்வாளர்கள் 2019-ல் மூளையுறையில் சிறிதளவு சி.ஜி.ஆர்.பி. இட்டுப் பார்த்தார்கள். பெண் விலங்குகளுக்கு முகத்தில் தொடுகூச்சம் உண்டானது. ஆண் விலங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண் எலிகளில் மட்டும் தேடியிருந்தால் எத்தனை உண்மைகள் கண்ணில் படாமலேயே போயிருக்கும்? மாதவிடாய் நாட்களில் தலைவலி உச்சத்துக்குப் போவதாகப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததை ஆய்வுக்கூடம் காதில் வாங்கத் தாமதித்தது. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள்தான்.

அடுத்த இலக்குகள்

சி.ஜி.ஆர்.பி.யைத் தடுத்தும் பலன் கிடைக்காத நோயாளிகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காக பேகேப் என்ற இன்னொரு புரதத்தைக் குறிவைக்கிறார்கள். அதை ஏற்றினாலும் நோயாளிகளுக்கு ஒற்றைத் தலைவலி வருகிறது. அதன் ஏற்பிகளில் ஒன்றை அடைத்த எதிர்ப்புரதம் மனிதரிடம் தோற்றது. ஆனால், பேகேப்பையே பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதம், 2024-ல் வெளியான இரண்டாம் கட்டப் பரிசோதனையில் மாதத் தலைவலி நாட்களை 6.2 குறைத்தது, போலி மருந்தில் குறைந்தது 4.2.

செல்களின் பொட்டாசியம் வாயில்களைத் திறக்கும் லெவ்க்ரோமகாலிம் என்ற மருந்தைக் கொடுத்தபோது, டென்மார்க்கில் பரிசோதிக்கப்பட்ட 16 நோயாளிகளுக்கும் ஒற்றைத் தலைவலி வந்தது. அந்த வாயில்களை, உடலின் மற்ற பகுதிகளைத் தொடாமல் மூடும் மருந்தை இப்போது தேடுகிறார்கள். கோபன்ஹேகனில் மைக்கன் நெடர்கார்ட் குழு, மூளையில் அலை பரவியபின் மூளைத் தண்டுவடத் திரவம் சில புரதங்களை ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சுவரை சுமந்துசெல்வதைச் சுண்டெலிகளில் 2024-ல் காட்டியது. ஆராவிலிருந்து வலி எப்படிப் பிறக்கிறது என்ற பழைய புதிருக்கு இது ஒரு விடையாகலாம். மனிதரிலும் அப்படித்தானா என்பதை இனிதான் பார்க்க வேண்டும்.

வாசகர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

‘ஒற்றைத் தலைவலிக்குப் புதிய மருந்து, எலியில் வெற்றி’ என்ற செய்தி அடிக்கடி வரும். அதைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த இலக்கு நோயாளிகளிடம் கண்டதிலிருந்து வந்ததா, எலியிலிருந்து மட்டும் வந்ததா? பெண் விலங்குகளிலும் சோதித்தார்களா? மனித செல்லிலோ மனித ரத்தக் குழாயிலோ அதே விளைவு கிடைத்ததா? மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். அப்போதும், மாத்திரை கைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இப்போது எடுக்கும் மருந்தை அந்தச் செய்தியை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

மருந்துச் சோதனையில் விலங்குகளுக்கு மாற்றாக மனித செல் முறைகளைப் பயன்படுத்த இந்தியாவின் விதிகள் 2023-ல் இடம் கொடுத்தன. நல்ல மருந்தியல் ஆய்வுக்கூடங்களும் நம்மிடம் இருக்கின்றன. நான்கில் ஒருவர் பாதிக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்த மண்ணில், நோயாளிகளின் அனுபவத்தை முறையாகப் பதிவுசெய்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசேர்க்கும் தலைவலிச் சிகிச்சை மையங்கள் மாவட்டந்தோறும் வேண்டும். வலி வந்த நாள், நேரம், அதற்குமுன் நேர்ந்தவை, எடுத்த மருந்து எல்லாவற்றையும் ஒருவர் எழுதிவைப்பது அவருடைய சிகிச்சைக்கு மட்டும் உதவுவதில்லை. லாஷ்லியின் குறிப்பும், வலியின் நடுவே ரத்தம் கொடுத்த முகம் தெரியாத நோயாளிகளும் இல்லாமல் இன்றைய அறிவு இல்லை. ஆகவே, ஒரு பெண் ‘தலை பிளக்கிறது’ என்று சொன்னால் அதை வீட்டில் நம்புங்கள், மருத்துவமனையில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மருந்துக்கான ஆய்வு அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.